அரியநாயகத்துக்கு எழுநூறு பேர்

எனக்கு பேஸ்போல் அவ்வளவாகப் பிடிக்காது. ஒன்பது பேர் வெயிலில் நிற்பார்கள், ஒருவன் எறிவான், ஒருவன் அடிக்கத் தவறுவான், பிறகு எல்லோரும் கொஞ்சம் இடம் மாறி நிற்பார்கள். பன்னிரண்டு வருடமாக ஒரு பேஸ்போல் அணியின் உரிமையாளனாக இருந்தும் அதன் விதிகளில் பாதி எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அதிகாரி அம்மா, தமிழிலேயே எழுதித் தரலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதால் ஆறுதலாக எழுதுகிறேன். நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: உயிரோடு இருக்கும் ஒரு மனிதனை ஏன் இறந்தவனாக்கினாய் என்று. அதற்குப் பதில் சொல்ல முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும்.

என் பெயர் குலசேகரம். பாரிஸ் லா சப்பலில் 'ஷோ குலம்' என்று கேட்டால் யாரும் கடையைக் காட்டுவார்கள். எண்பத்தொன்பதில் வந்து இறங்கிய மூன்றாம் நாளே மெத்ரோ படிக்கட்டில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுக்கத் தொடங்கியவன் நான். பிறகு நானே நிகழ்ச்சி நடத்தினேன். இசைக் கச்சேரி, நாடகம், நட்சத்திர இரவு. ஒருமுறை பாடகர் விமானத்தைத் தவறவிட்டுவிட்டார். அவருடைய மைத்துனரை மேடையில் ஏற்றினேன். பெயரைச் சொல்லவில்லை, 'நீங்கள் எதிர்பார்த்த குடும்பத்திலிருந்து' என்று மட்டும் அறிவித்தேன். யாரும் குறை சொல்லவில்லை. மைத்துனர் நன்றாகப் பாடினார்.

எனக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. வெறும் கதிரையைப் பார்க்க முடியாது. முந்நூறு கதிரை போட்ட மண்டபத்தில் இருநூறு காலியாகக் கிடந்தால் எனக்கு நெஞ்சு வலிக்கும். வைத்தியரிடம் போனேன். எல்லாம் பார்த்துவிட்டு நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார். கதிரையில் ஒன்றுமில்லாததுதான் வருத்தம் என்பது அவருக்கு விளங்கவில்லை.

பேஸ்போலுக்கு வந்தது தற்செயல். திறந்தவெளி இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு மைதானம் தேவைப்பட்டது. லா கூர்னெவ் தாண்டி ஒரு புறநகரில் நல்ல மைதானம் சும்மா கிடந்தது. விளையாட்டுச் சங்கங்களுக்கு மட்டும்தான் தருவோம் என்றது நகரசபை. எந்த விளையாட்டு என்று படிவத்தில் கேட்டிருந்தது. உதைபந்தாட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் ஏற்கெனவே சங்கங்கள் இருந்தன. பட்டியலில் ஆள் இல்லாமல் கிடந்தது பேஸ்போல். அதில் புள்ளடி போட்டேன். இசை நிகழ்ச்சி நன்றாக நடந்தது. அடுத்த மாதம் நகரசபை விளையாட்டுப் பிரிவிலிருந்து ஜெரமி என்ற இளைஞர் வந்து, உங்கள் அணி எங்கே என்று மரியாதையாகக் கேட்டார்.

அணி திரட்டினேன். எங்கள் ஆட்கள் ஊரில் எல்லே விளையாடியவர்கள். கோலால் பந்தை அடித்துவிட்டு சுற்றி ஓடுவது அது. பேஸ்போலும் கிட்டத்தட்ட அதுதான், உடுப்பு மட்டும் வேறு என்று சொல்லி உணவக அடுக்களைகளிலிருந்து பதினைந்து பேரைப் பிடித்தேன். 'லா சப்பல் சேவல்கள்' என்று பெயர் வைத்தேன். முதல் ஆட்டத்தில் முப்பத்தொன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். ஆனால் சனம் வந்தது. சோற்றுப் பார்சலோடு குடும்பம் குடும்பமாக வந்தது. நானே மைக்கில் வர்ணனை செய்தேன். இடைவேளையில் சேலைக் குலுக்கல் வைத்தேன். ஒரு பருவம் முழுக்க ஒரு சாத்திரியாரை இருத்தி ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் முன்கூட்டியே சொல்ல வைத்தேன். சேவல்கள் தோற்கும் என்றே ஒவ்வொரு முறையும் சொன்னார். சொன்னது ஒருமுறைகூடப் பிழையாகவில்லை. அவருக்கு அதன் பிறகு நல்ல கிராக்கி.

மூன்றாம் வருடம் அரியநாயகம் வந்தான். இலங்கையில் விசுவமடுக்காரன். கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். சாப்பிடப் போன நான் அடுக்களைக் கதவால் எட்டிப் பார்த்தபோது, அந்தப் பக்கம் நின்ற சமையல்காரனுக்கு உருளைக்கிழங்கு எறிந்துகொண்டிருந்தான். பதினைந்து மீற்றர் தூரம். கிழங்கு நூல் பிடித்தமாதிரிப் போனது. சமையல்காரன் பிடித்துவிட்டுக் கையை உதறினான். அன்று நான் சாப்பாட்டை முடிக்கவில்லை.

அவன் எறிந்தால் சனம் எழுந்து நிற்கும். பேசாத மனிதன், எறிந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வான். எட்டு வருடம் என் கதிரைகள் நிறைந்திருந்தன. அப்போதும் நாங்கள் தோற்றோம், ஆனால் மெதுவாகத் தோற்றோம்.

போன வருடம் அவனுடைய தோள் போய்விட்டது. மனைவி தவநாயகியும் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். சனி ஞாயிறில் அவளோடு வீட்டில் இருக்க விரும்பினான். ஒருநாள் கடைக்கு வந்து, கதிரையில்கூட இருக்காமல் சொன்னான்.

"அண்ணை, நான் இதோட நிப்பாட்டுறன்."

"சரி தம்பி," என்றேன். அவனை நான் ஒருபோதும் வற்புறுத்தியதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவன் நின்றதும் சனமும் நின்றது. இந்தப் பருவம் தொடங்கியபோது பார்வையாளர் பதினெட்டுப் பேர். அதில் நால்வர் நாயை உலாவக் கொண்டுவந்தவர்கள். ஜெரமி வந்து வருத்தத்தோடு சொன்னார்: மைதானத்தை வேறு சங்கம் ஒன்று கேட்பதாகவும், மே மாதக் கடைசி ஆட்டத்துக்குத் தான் நேரில் வருவதாகவும், ஆட்கள் இருந்தால் நகரசபையில் எனக்காகப் பேசுவதாகவும்.

அரியத்துக்குப் பிரியாவிடை ஆட்டம் வைத்தேன். அவனும் உடன்பட்டான். கடை கடையாகப் போஸ்டர் ஒட்டினேன். நாற்பத்தொரு பேர் வந்தார்கள். அன்று அரியம் புது உடுப்போடு மைதான நடுவில் நின்று ஆளில்லாத வாங்குகளைப் பார்த்தான். நானும் பார்த்தேன். மறுநாள் மரக்கறிக் கடையில் ஒருவரிடம், ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அரியத்தைத்தானே, ஒவ்வொரு நாளும் ரோட்டில காணுறனான்," என்றார்.

நியாயமான பதில். அதை இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் எனக்கு விளங்கியது: எங்கள் சனம் பிரியாவிடைக்கு வராது, செத்தவீட்டுக்கு வரும். அறிமுகமே இல்லாதவர்கூட வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவார். அது எங்களிடம் உள்ள நல்ல குணம். அந்த நல்ல குணத்துக்கு ஒரு வழி திறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

மே மாதம் அரியமும் தவநாயகியும் நேர்த்திக்கடனுக்காகத் திருச்செந்தூர் போனார்கள். அகதி அட்டை வைத்திருப்பவன் இலங்கைக்குப் போக முடியாது, இந்தியாவரைதான் போகலாம். நாலு கிழமைப் பயணம். அவர்கள் புறப்பட்ட மறுநாள் அச்சகம் வைத்திருக்கும் றஜீவனிடம் போனேன். அரியத்தின் படமும் மனைவியின் பெயரும் இரண்டு திகதிகளும் கொடுத்தேன். ஒன்று பிறந்த திகதி, மற்றது அவன் பாரிஸை விட்டுப் போன திகதி. 'எங்கள் மைதானத்தை விட்டு மறைந்த' என்று எழுதச் சொன்னேன். அது உண்மைதானே, அவன் மைதானத்துக்கு வருவதில்லை. றஜீவனின் கம்பியூட்டரில் இரண்டு திகதி போட்டால் மேலே 'தோற்றம்', 'மறைவு' என்று தானாக வரும், மூலையில் குத்துவிளக்கும் வரும். தலைப்பில் 'கண்ணீர் அஞ்சலி' வந்தது. நான் கேட்கவில்லை. எடுக்கவும் சொல்லவில்லை. கீழே 'நினைவு ஆட்டம், ஞாயிறு மூன்று மணி, அனைவரும் வருக' என்பதும் என் வசனம்.

லா சப்பலில் கடைக் கண்ணாடிகளில் அப்படியான நோட்டீஸ் எப்போதும் குறைந்தது பத்து இருக்கும். எங்கள் ஆட்கள் பால் வாங்கப் போகும்போது அதை வாசித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மத்தியானத்துக்குள் என் கடையில் சனம் நிறைந்துவிட்டது.

"உடம்பு எங்கை அண்ணை வைச்சிருக்கினம்?"

"ஆள் இஞ்சை இல்லை," என்றேன்.

"தவநாயகி?"

"கூடத்தான் போயிருக்கிறா. இந்தியாவுக்கு."

மிச்சத்தை அவர்களே முடித்துக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் திருச்செந்தூரிலிருந்து அரியம் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, நான் செத்துப்போனன் எண்டு சொல்லுறாங்கள்."

"ஆர் சொல்லுறது?"

"எல்லாரும்தான். உங்கட போஸ்டரைப் படம் எடுத்து எனக்கே அனுப்புறாங்கள், ஆழ்ந்த அனுதாபம் எண்டு."

நான் மைதானத்தைப் பற்றியும் ஜெரமியைப் பற்றியும் சொன்னேன். அவனுக்காகத் திரளப்போகிற சனத்தைப் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைவரை யாருக்கும் மறுமொழி போடவேண்டாம், திரும்பி வந்ததும் அச்சுப்பிழை என்று சொல்லிச் சிரிக்கலாம் என்றேன். பிறகு கேட்டான்.

"அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமே அண்ணை? நான் ஒருக்கா எடுத்துச் சொல்லட்டோ?"

அவனுடைய தாய் விசுவமடுவில் இருக்கிறார். எழுபத்தாறு வயது. கண்ணில் புரை, கால் ஏலாது. மகனைக் கண்டு பதினான்கு வருடம். தாய்க்குச் சொன்னால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் பத்து நிமிடத்தில் பாரிஸுக்குத் தெரியும்.

"நீ எடுத்தா ஆவி கதைக்குது எண்டு நெஞ்சடைச்சுப் போவா," என்றேன். "முதல்ல நான் எடுத்து ஆயத்தப்படுத்துறன்."

"நீங்கள் சொன்னாச் சரி அண்ணை," என்றான். அவன் என்னை அப்படி நம்புபவன்.

எடுத்தேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன். பக்கத்து வீட்டுப் பெண் தொலைபேசியைக் கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்தாள்.

"ஆர் தம்பி?"

"பாரிஸிலையிருந்து குலம் அம்மா. அரியம் என்ர அணியிலதான் விளையாடினவன்."

"சனம் சொல்லுறது உண்மையோ தம்பி?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"கஷ்டப்பட்டவனோ?"

"இல்லை அம்மா. ஒரு கஷ்டமும் இல்லை."

"இப்ப எங்கை தம்பி என்ர பிள்ளை?"

"முருகனிட்டைப் போயிருக்கிறான் அம்மா. கடற்கரையில."

இதில் ஒரு சொல் பொய் இருந்தால் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் அழுதார். நான் தொலைபேசியை வைக்காமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு ஆள் என்றால் வைத்திருப்பான். பிறகு அரியத்துக்கு எடுத்து, "கதைச்சிட்டன். அழுதவ. இப்ப கொஞ்சம் ஆறுதலா இருக்கிறா. ரெண்டு மூண்டு கிழமை அப்பிடியே விடு," என்றேன். எனக்கு நன்றி சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை எழுநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பொபினியிலிருந்தும் சென் தெனியிலிருந்தும் வந்தார்கள். பெண்கள் வெள்ளைச் சேலையில் வந்தார்கள். கதிரை போதாமல் பக்கத்துக் கோவில் மண்டபத்திலிருந்து எடுப்பித்தேன். மாலை போட்ட படத்தை எறிகிற இடத்தில் வைத்திருந்தோம், ஆட்டத்தை அதற்குச் சற்றுத் தள்ளி ஆடினோம். உணவக முதலாளி மைக்கில் வந்து, இப்படி ஒரு வேலைக்காரன் இனிப் பிறக்க மாட்டான் என்றார். முந்தின மாதம்தான் பிந்தி வந்தான் என்று அவனை ஏசியவர். அரியத்தோடு முன்பு ஒரே அறையில் இருந்த ஒருவன் வந்து, அவனுடைய குளிர் ஜக்கெட்டைத் தான்தான் எடுத்தது என்று சொல்லி விம்மினான். நாலு குளிர்காலம் அந்த ஜக்கெட்டை அரியம் தேடியிருக்கிறான். உயிரோடு இருப்பவனுக்கு இந்த உண்மைகள் கிடைக்குமா என்று நீங்களே சொல்லுங்கள்.

எதிரணி பிரெஞ்சுப் பிள்ளைகள். தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் நின்றார்கள். அதன் பிறகு அவர்களால் பந்தை அடிக்கவே முடியவில்லை. இந்தப் பருவத்தில் சேவல்கள் வென்ற ஒரே ஆட்டம் அது. ஜெரமி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மைதானம் இன்னும் ஐந்து வருடத்துக்கு எங்களுக்குத்தான் என்றார். வாசலில் அரியநாயகத்தின் பெயரில் ஒரு கல் பதிக்கச் சொல்வதாகவும் சொன்னார். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. அவ்வளவு சனத்தின் நடுவில் யாருக்கும் அழுகை வரும்.

அன்றைய வீடியோவை, அரியத்தின் பழைய ஆட்டங்களையும் சேர்த்து, விசுவமடுவுக்கு அனுப்பினேன். தாய்க்குக் கண் தெரியாததால் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துப் பார்த்துச் சொன்னாளாம். அன்று மாலை தாயே எனக்கு எடுத்தார். "என்ர பிள்ளைக்கு எழுநூறு பேரோ தம்பி," என்று மூன்று தரம் கேட்டார். குரலில் ஒரு தெளிவு இருந்தது. வீட்டில் எட்டாம் நாள் எட்டுச்செலவு செய்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கும் ஐயருக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நிம்மதியாக இருந்த ஒரு மனுசியைக் குழப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர்கள் திரும்பி வந்த அன்று ருவாசி விமான நிலையத்துக்கு நானே கார் கொண்டுபோனேன். தவநாயகி என்னோடு பேசவில்லை. அரியம் முன் கதிரையில் இருந்தான்.

"எத்தனை பேர் அண்ணை வந்தவை?"

"எழுநூற்றுப் பன்னிரண்டு."

கார் போர்த் து லா சப்பலைத் தாண்டியது. பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்: "என்னை உயிரோட பார்க்க நாப்பத்தொரு பேர்தானே வந்தவை."

அச்சுப்பிழை என்று சொல்லும் திட்டம் எனக்கு இருந்தது. ஆனால் கல் பதிக்கும் நாள் இரண்டு கிழமையில் இருந்தது. அதுவரை வீட்டோடு இருங்கள் என்றேன். இருந்திருக்கலாம். மறுநாளே அவன் வேலைக்குப் போனான், அங்கே அவனுடைய ஏப்ரனில் வேறு ஆள் நின்றான். முதலாளி அவனைக் கண்டதும் சந்தோசப்படாமல், மைக்கில் பேசியதை எண்ணி வெட்கப்பட்டு, கதவைச் சாத்தினாராம். தவநாயகி பொட்டு வைத்து, சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு பூ வாங்கப் போனாள். பூக்காரி அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, பூச்சரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாளாம். இவளுக்கு இனிப் பூ கொடுக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். அங்கிருந்து தவநாயகி நேரே என் கடைக்கு வந்தாள்.

"அவரைச் சாக்காட்டினா நான் ஆராகிறன் எண்டு ஒருக்காவாவது யோசிச்சனீங்களோ?"

யோசிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். போஸ்டரில் அவளுடைய பெயரையும் போட்டிருந்தேன், எழுத்துப்பிழை இல்லாமல். அவள் அதற்குச் சந்தோசப்படுவாள் என்றே நினைத்தேன்.

லா சப்பலில் எல்லோருக்கும் விசயம் மெல்ல விளங்கியது. கொஞ்சநாள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். அழுதவர்களுக்கு அழுததைத் திருப்பிக் கேட்க வெட்கம். கல் பதிக்கும் நாளில் ஜெரமி கல்லை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இதெல்லாம் சரிசெய்யக்கூடியதுதான். உங்கள் மேசைவரை வந்தது தாயின் விசயம்.

திரும்பி வந்த அன்றே அரியம் தாய்க்கு எடுத்திருக்கிறான். "அம்மா, நான்தான்," என்றிருக்கிறான். தாய் முழுதையும் கேட்டாராம். பிறகு சொன்னாராம்: "மோனை, நீ ஆரின்ர பிள்ளையோ தெரியாது. செத்த பிள்ளையின்ர பேரில விளையாடாதை. குலம் தம்பி எனக்கு எல்லாம் சொன்னவர்."

ஒவ்வொரு நாளும் எடுத்தான். சின்ன வயதில் விழுந்த காயம், வளர்த்த மாட்டின் பெயர் எல்லாம் சொன்னான். யாரோ விசாரித்து வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறார்கள் என்று தாய் தீர்மானித்துவிட்டார். வீடியோவில் முகத்தைக் காட்டினான். பக்கத்து வீட்டுப் பெண் தடுமாறிப்போய், நான் அனுப்பிய வீடியோவிலும் இவர் எறிகிறார், ஓடுகிறார்தானே, இதுவும் அப்படிப் பழைய படமாக இருக்கும் என்றிருக்கிறாள். அவன் அங்கே போகவும் முடியாது, தாய் எங்கும் வரவும் முடியாது. அந்தியேட்டி குறித்த நாளில் நடந்தது. அன்று அரியம் என் கடைக்கு வந்து, மூலையில் இருந்த கதிரையில் பொழுதுபடும்வரை இருந்தான். அடுத்த நாள் தவநாயகி முறைப்பாட்டோடு உங்களிடம் வந்தாள்.

இனி நேற்று நடந்தது. அதை நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் முழுதாகச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

நேற்று உங்கள் அறையில் தொலைபேசியை மேசையில் வைத்து, அந்தத் தாய் நம்புவது என்னை மட்டும்தான், ஆகவே நானே உண்மையைச் சொல்ல வேண்டும் என்றீர்கள். மொழிபெயர்க்கும் மிருணாளினி மெத்ரோ நின்றதால் இன்னும் வந்து சேரவில்லை. காத்திருக்காமல் எடுக்கச் சொன்னீர்கள். கதவுக் கண்ணாடிக்கு வெளியே வாங்கில் அரியமும் தவநாயகியும் இருந்தார்கள்.

இரண்டாவது மணியிலேயே தாய் எடுத்தார்.

"குலம் தம்பியோ. உங்கட குரலைக் கேட்டாத்தான் நெஞ்சு ஆறுது. ஒருத்தன் நெடுக எடுத்து, நான்தான் உன்ர மகன் எண்டு அழுறான் தம்பி. பாவம், அவனுக்கு என்ன வருத்தமோ."

"அம்மா, உங்களுக்கு ஒரு விசயம் சொல்லத்தான் எடுத்தனான்," என்றேன்.

"நானும் ஒண்டு கேக்க இருந்தனான் தம்பி. வாற வரியம் ஆண்டுத் திவசத்துக்கும் அங்கை மட்ச் வைப்பியளோ? அவ்வளவு சனமும் வருமோ?"

"ஓம் அம்மா," என்றேன். "இதைவிடக் கூட வரும்."

தொலைபேசியை வைத்துவிட்டு உங்களைப் பார்த்துத் தலையாட்டி, சொல்லிவிட்டேன் என்றேன். நீங்கள் தாளில் குறித்தீர்கள். கண்ணாடிக்கு வெளியே அரியம் நான் தலையாட்டியதைப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தவநாயகி அவனுடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஆகவே செய்தது நான்தான். இரண்டு தடவை செய்தேன், இரண்டாவது தடவை உங்கள் முன்னாலேயே செய்தேன். ஆனால் ஒரு தாய் அப்படி ஆசையோடு கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை நான்.